வாயுப்பிடிப்பு

“அந்தக் காசுக்கு ரெண்டு சவரன் எடுத்திருக்கலாமேடி” என்றார் அம்மா. 2023 தீபாவளிக்கு முந்தைய வாரம். எம்.கே.பி. நகரில் எங்கள் ஹவுசிங் போர்டு வீட்டுக் கட்டிலில் பெட்டியைப் பிரித்து வைத்திருந்தேன். உள்ளே கறுப்பாக, உள்ளங்கையில் முக்கால்வாசி அகலத்தில், இரண்டே பொத்தான்களோடு ஒரு கருவி. “நகைன்னா கஷ்டத்துக்கு அடகு வெக்கலாம். இத எந்த சேட்டு வாங்குவான்?”

அம்மாவிடம் பதில் இல்லாத கேள்விகள் கேட்கும் திறமை உண்டு. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் இடது கையால் அந்தக் கருவியை எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை தோளுக்குமேல் எழும்பி எத்தனையோ வருஷமாகிறது.

அதன் பெயர் டைவ் கம்ப்யூட்டர். கடலுக்குள் மூச்சுக் கருவியோடு இறங்குகிறவர் மணிக்கட்டில் கட்டிக்கொள்வது. எவ்வளவு ஆழத்தில், எவ்வளவு நேரம் இருந்தோம் என்பதை வைத்து, எப்போது, எந்த வேகத்தில், எங்கெங்கே நின்று மேலே வரவேண்டும் என்று அது சொல்லும். சுற்றுலாப் பயணிகள் போகும் ஆழத்தில் அது ஒரு வசதி. 40 மீட்டரைத் தாண்டி, நினைத்த மாத்திரத்தில் மேலே வர முடியாத ஆழங்களுக்குப் போவதை டெக்னிக்கல் டைவிங் என்கிறார்கள். அங்கே உயிரே அந்தத் திரையில் தெரியும் எண்ணில்தான் இருக்கிறது. ஒரு வருஷம் நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டு ஒவ்வொரு கம்பெனிக் கருவியையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன். கல்யாணத்துக்குக்கூட யாரும் எனக்காக இவ்வளவு விசாரித்ததில்லை.

எண்ணைப் பற்றிச் சொல்வதற்குமுன் அப்பாவின் தோளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா டைவர். கடற்படையிலோ துறைமுகத்திலோ வேலையில் இருந்தவர் இல்லை. ஒரு கான்ட்ராக்டரிடம் தினக்கூலி. கப்பலின் புரொப்பெல்லரில் சிக்கிய வலையை அறுப்பது, அடிப்பாகத்தில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவது, வெளியே நங்கூரமிட்ட இடத்தில் அறுந்து விழுந்த சங்கிலியைத் தேடுவது. படகில் ஒரு கம்ப்ரஸர், அதிலிருந்து மஞ்சள் குழாய், வாயில் ஒரு கவ்வி, இடுப்பில் கயிறு. அந்தக் கயிற்றைப் படகில் பிடித்திருந்தவர் என் மாமா, அம்மாவின் அண்ணன்.

தேன் எடுக்க மலையிலிருந்து கயிற்றில் இறங்குகிறவனுக்கும், முத்துக்குளிக்க இறங்குகிறவனுக்கும் மச்சான்தான் மேலே கயிறு பிடிக்க வேண்டும் என்று ஒரு பேச்சு உண்டு. தங்கச்சி தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டானாம். சிறு வயதில் இதைப் பெருமையாகக் கேட்டிருக்கிறேன். பிறகுதான் அதற்குள் ஒரு பெண் பிணையாக உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மாமா கயிற்றை விட்டதே இல்லை. கையில் எச்.எம்.டி. கடிகாரம் கட்டிக்கொண்டு, கான்ட்ராக்டர் தலையாட்டினால் இரண்டு தரம் இழுப்பார். அப்பா நேராக மேலே வந்துவிடுவார். கயிற்றுக்குத் தெரிந்தது அவ்வளவுதான், கீழே, மேலே.

வேலை முடிந்து சைக்கிளில் வீடு வரும்போது அப்பாவுக்குத் தோள் இழுத்துப் பிடிக்கும். சில இரவுகளில் முழங்காலும். ‘வாயுப்பிடிப்பு’ என்பார்கள். அம்மா பூண்டு நசுக்கிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்ப்பார். மிளகு ரசம் வைப்பார். மழை நாட்களில் வலி அதிகம் என்று சொல்வார்கள். மழை நாட்களில் கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கி அவர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு சுற்றி வருவார், அதனால்தான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

பெயர் தப்பே இல்லை. அது வாயுதான். நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். பத்து மீட்டர் இறங்கினால் உடல்மேல் அழுத்தம் இரண்டு மடங்கு, இருபது மீட்டரில் மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தில் நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கொழுப்பிலும் கரைந்துகொண்டே இருக்கும். மெதுவாக ஏறினால் நுரையீரல் வழியாக வெளியேறிவிடும். சட்டென்று ஏறினால், கோலியை அழுத்தித் திறந்த சோடாபோல உடலுக்குள்ளேயே குமிழி கட்டும். மூட்டில் கட்டினால் வலி. முதுகுத்தண்டில் கட்டினால் கால் போகும். பல வருஷம் திரும்பத் திரும்ப நடந்தால் எலும்புக்கு ரத்தம் போகாமல் எலும்பே செத்துப்போவதும் உண்டு, பெரும்பாலும் தோளிலும் இடுப்பிலும்.

அப்பாவுக்கு 52 வயதில் எக்ஸ்ரே எடுத்தார்கள். தோள்மூட்டின் பந்துபோன்ற பகுதி ஒரு பக்கம் நொறுங்கியிருந்தது. குடிப்பீர்களா, ஸ்டிராய்டு சாப்பிட்டீர்களா, கீழே விழுந்தீர்களா என்று கேட்டார்கள். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்கவில்லை. எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

எனக்குத் தோன்றியது வேறொரு மேசையில். டிகிரி முடித்து, திருவொற்றியூர் பக்கம் ஒரு நிறுவனத்தில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். நீருக்கடியில் தூண்களையும் குழாய்களையும் பார்த்துவந்து அறிக்கை கொடுக்கும் நிறுவனம். டைவர் ஒன்று, இறங்கிய நேரம் 9.40, ஆழம் 11 மீட்டர், ஏறிய நேரம் 10.25. எட்டு வருஷம் ஆண்கள் இறங்கிய ஆழங்களை டைப் அடித்தேன். அந்தத் தாள்களில் ‘நிறுத்தம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. பெரும்பாலும் காலியாக இருக்கும். ஒருநாள் அந்தக் கட்டம் எதற்கு என்று கேட்டேன். கேட்டது ஆரம்பம். 33 வயதில் புதுச்சேரியில் முதல் டைவ். பி.எஃப். பணம் எடுத்து அடுத்த பயிற்சி. அதற்கு மேலும் இரண்டு வருஷம் கழித்து டெக்கோ பயிற்சி, அதாவது நின்று நின்று மேலே வரக் கற்பது.

அந்த வகுப்பில் நால்வர். மூன்று ஆண்கள், நான். எல்லோருக்கும் வாடகைக் கம்ப்யூட்டர். மற்றவர்களிடம் “என்ன செட்டிங் வேணும்?” என்று கேட்ட பயிற்சியாளர், என்னுடையதை வாங்கி அவரே இரண்டு பொத்தான் அழுத்தித் திருப்பிக் கொடுத்தார். “லேடீஸ்தானே, கொஞ்சம் சேஃபா இருக்கட்டும்.” நல்ல மனிதர். கேட்டிருந்தால் நானும் அதையே வைத்திருப்பேன். அதனால்தான் அந்தக் கோபத்தை என்ன செய்வதென்று ரொம்ப நாள் தெரியவில்லை.

அந்த இரண்டு பொத்தானில் என்ன இருக்கிறது என்று தேடியதில்தான் என் நோட்டுப் புத்தகம் நிறைந்தது.

டைவ் கம்ப்யூட்டர் உங்கள் ரத்தத்தைப் பார்ப்பதில்லை. குமிழியைப் பார்ப்பதில்லை. அதற்குத் தெரிந்தவை தண்ணீரின் அழுத்தமும் நேரமும், எந்த வாயுவைச் சுவாசிக்கிறோம் என்று நாம் சொல்வதும் மட்டுமே. மற்றதெல்லாம் கற்பனை உடல் ஒன்றின்மேல் போடும் கணக்கு. இன்று பெரும்பாலான கருவிகளில் இருப்பது சூரிச் மருத்துவர் ஆல்பர்ட் பியூல்மன் உருவாக்கிய கணக்கு. அது உடலை 16 அறைகளாகப் பிரிக்கிறது. ஒரு அறை சில நிமிடத்தில் பாதி நிரம்பிவிடும், கடைசி அறைக்கு 635 நிமிடம் ஆகும். ஒவ்வொரு அறையும் எவ்வளவு மிகை அழுத்தம் தாங்கும் என்று ஒரு வரம்பு. அந்த வரம்பை எந்த அறையும் தாண்டாமல் மேலே கொண்டுவருவதுதான் கருவியின் வேலை.

யாருடைய உடல் அது? இந்த மரபு 1908இல் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானியிடம் தொடங்குகிறது. முதலில் ஆடுகள், பிறகு கடற்படை ஆண்கள். அமெரிக்கக் கடற்படையின் புகழ்பெற்ற அட்டவணைகள் 1950களில் வந்தன. அந்தக் கடற்படையில் ஆழ்கடல் டைவராகத் தேறிய முதல் பெண், டோனா டோபியஸ், 1975இல்தான் வருகிறார். இளம், திடகாத்திரமான, கட்டளைக்கு இறங்கும் ஆண் உடலில் சோதித்த எண்கள் அவை. பெண்களுக்கு இந்நோய் அதிகம் வருமா? 1970களில் அமெரிக்க விமானப்படை ஆய்வு ஒன்று வரும் என்றது. பின்னால் வந்தவை அப்படிச் சொல்ல முடியாது என்றன. மாதவிடாய் நாட்களில் சற்றுக் கூடுதல் என்று சில ஆய்வுகள் சொல்லி, அதுவும் உறுதிப்படாமல் நிற்கிறது. கொழுப்பில் நைட்ரஜன் தண்ணீரைவிட ஐந்து மடங்கு கரையும் என்பது மட்டும் நிச்சயம்.

பெண்கள் இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்த ஹால்டேனின் மகன் ஜே.பி.எஸ். ஹால்டேன், 13 வயதில் அப்பாவோடு டைவிங் உடை மாட்டிக் கடலில் இறங்கியவர். 1939இல் தீட்டிஸ் நீர்மூழ்கிக் கப்பலில் 99 பேர் இறந்தபின், உயர் அழுத்தத்தில் மனித உடலுக்கு என்ன ஆகிறதென்று தன்மேலேயே சோதித்தார். அந்த இரும்பு அறைக்குள் அவரோடு உட்கார்ந்து வாயுக்களைச் சுவாசித்தவர்களில் மரபியலாளர் ஹெலன் ஸ்பர்வேயும் ஒருவர். ஆக்ஸிஜனே அழுத்தத்தில் விஷமாகி வலிப்பு வரவைக்கும் என்பது அந்தப் போர்க்காலச் சோதனைகளில் தெளிவானது. இன்று ஒவ்வொரு டைவ் கம்ப்யூட்டரும் ஒரு ஓரத்தில் ஆக்ஸிஜன் கணக்கையும் காட்டுகிறது. ஸ்பர்வே பின்னர் ஹால்டேனை மணந்தார், 1957இல் இருவரும் இந்தியாவுக்கு வந்தார்கள், அவர் இங்கேயே 1978இல் இறந்தார். ஹால்டேனைப் படித்த நம் ஆட்கள் ஏராளம். அவருடைய துணைவியார் என்ற ஒரு சொல்லைத் தாண்டி ஸ்பர்வேயைப் பற்றித் தமிழில் நான் படித்ததில்லை.

சரி, கருவிகளுக்கு வருகிறேன்.

முதலில் கையில் கிடைத்தது ஒரு பழைய சூன்டோ, செகண்ட் ஹேண்ட், விலை கால்வாசி. பின்லாந்துக் கம்பெனி, உழைக்கும். ஆனால் அந்தப் பழைய மாடல்களில் கணக்கு கம்பெனியின் சொந்தச் சரக்கு. நமக்கு விட்டது பி0, பி1, பி2 என்று மூன்று படிகள்தான். பி1 என்றால் உள்ளே எந்த எண் எவ்வளவு மாறுகிறது என்று நமக்குத் தெரியாது. ‘நீ கேக்காத, நான் பாத்துக்கறேன்’ என்று சொல்லும் அண்ணன்போல. இதே கம்பெனி பிற்பாடு சில மாடல்களில் பியூல்மனையும் சேர்த்துவிட்டது. ஆனால் என் பட்ஜெட்டுக்கு எட்டியது பழையதுதான்.

கார்மின் டிசென்ட் கைக்கடிகாரம்போல அழகு. ஆபீசுக்கும் கட்டிக்கொண்டு போகலாம். தூக்கம், நடை, இதயத்துடிப்பு எல்லாம் எண்ணும். மாதவிடாய் நாட்களைக்கூடக் குறித்துவைக்கும். கடையில் இதைச் சிறப்பம்சமாகச் சொன்னார்கள். எனக்கு அதுதான் உறுத்தியது. அதே கடிகாரத்தின் ஒரு மூலையில் எனக்கு இன்று எத்தனையாவது நாள் என்று இருக்கிறது, இன்னொரு மூலையில் நான் எப்போது மேலே வரலாம் என்ற கணக்கு ஓடுகிறது, இரண்டும் ஒன்றையொன்று விசாரிப்பதில்லை. விசாரிக்க வைக்கும் அளவுக்கு யாரும் ஆராய்ந்து முடிக்கவில்லை என்பதால் கம்பெனியை மட்டும் குறை சொல்ல முடியாது. என் தேதிகளை அதனிடம் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை, அவ்வளவுதான்.

கனடாவின் ஷியர்வாட்டர் கம்பெனியில் இரண்டைப் பார்த்தேன். டெரிக் வட்டமாக, சின்னதாக இருக்கும். என் மணிக்கட்டுக்கு அளவெடுத்ததுபோல. “உங்க கைக்கு இதுதான் மேடம்” என்றார்கள். திரை அற்புதம், ஆனால் சார்ஜ் ஏற்ற வேண்டும். பெர்டிக்ஸ் 2 பெரிய செவ்வகம். என் கையில் கட்டினால் மின்சார மீட்டரைக் கட்டியதுபோல இருந்தது. ஆனால் அதற்குப் போடுவது சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் செல். எங்கள் தெரு முனைப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும், கரண்ட் இல்லாத படகிலும் மாற்றலாம். எண்கள் பெரிதாகத் தெரியும். 48 மீட்டரில் நைட்ரஜன் போதை தலைக்கேறியிருக்கும்போது அழகான முகப்பு உதவாது. வார்ப்பட்டையைக் கழற்றிவிட்டு இழுவைக் கயிறு கட்டிக்கொண்டேன், மணிக்கட்டில் உட்கார்ந்துவிட்டது.

முடிவு செய்ய வைத்தது இன்னொன்று. கார்மினிலும் இதிலும் ‘கிரேடியன்ட் ஃபேக்டர்’ என்ற எண்ணை நாமே போடலாம். எரிக் பேக்கர் என்ற பொறியாளர் பியூல்மன் கணக்கின்மேல் சேர்த்தது. இரண்டு எண்கள். இரண்டாவது எண் 100 என்றால் அந்த வரம்பின் விளிம்புவரை போய்த் தண்ணீருக்கு வெளியே வருகிறோம். 85 என்றால் வரம்பின் 85 சதவீதம் வந்தபின். 70 என்றால் இன்னும் தள்ளி நின்று, இன்னும் காத்திருந்து. பெர்டிக்ஸ், இந்த நொடி மேலே வந்தால் எந்தச் சதவீதத்தில் வருவாய் என்பதையும் நீருக்குள்ளேயே காட்டும். பயிற்சியாளர் என்னைக் கேட்காமல் அழுத்திய இரண்டு பொத்தான் இந்த எண்ணுக்குத்தான்.

ஆண்கள் கூட்டத்தில் இந்த எண்ணுக்கு ஒரு கெத்து உண்டு. 90 வைத்தேன், 95 வைத்தேன், ஒன்றும் ஆகவில்லை என்பார்கள். பைக்கில் எவ்வளவு முறுக்கினேன் என்பதுபோல. 70 என்று சொன்னால் ஒரு சிரிப்பு வரும். பெண் 70 என்று சொன்னால் சிரிப்பு வராது, தலையாட்டுவார்கள். அது இன்னும் மோசம். குறைந்த எண் வைத்தால் பெண் உடல் பலவீனம் என்று நானே கையெழுத்துப் போட்டதாகிறதா என்று கேட்டுக்கொண்டேன். கூடுதலாக வைத்தால் அவர்களுடைய வீரத்துக்கு என் முதுகுத்தண்டைப் பணயம் வைக்கிறேன். இதற்கு எனக்குச் சுத்தமான விடை இன்னும் இல்லை. அப்பாவின் எக்ஸ்ரே எங்கள் பீரோவில் இருக்கிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

2024இல் மட்டக்களப்புக்குப் போனேன். கொழும்பிலிருந்து இரவு ரயில். அங்கே கரையிலிருந்து சில மைல் தூரத்தில் எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் கிடக்கிறது. பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்தன. 300 பேருக்குமேல் இறந்தார்கள். அதே மாதம்தான் ஜப்பான்காரன் வருகிறான் என்று மதராஸ் நகரமே காலியானது. என் கொள்ளுப்பாட்டி ராயபுரத்திலிருந்து குழந்தைகளோடு பொன்னேரிக்கு நடந்த கதை எங்கள் வீட்டில் உண்டு. கப்பல் கிடக்கும் ஆழம் ஏறக்குறைய 50 மீட்டர்.

முந்தின இரவு கடற்கரையில் திட்டம் போட்டோம். நான்கு பேர். கீழே 20 நிமிடம், ஏறும்போது 21 மீட்டரிலிருந்து பாதி ஆக்ஸிஜன் கலந்த வாயு. இருவர் 85 என்றார்கள். நான் 70 என்றேன். வித்தியாசம் ஏழு நிமிடம். குழுவாக இறங்கினால் யாருடைய கருவி அதிக நேரம் நிற்கச் சொல்கிறதோ அதன்படிதான் எல்லோரும் நிற்க வேண்டும், அதுதான் வழக்கம். ஒருவர் சொன்னார்: “உங்க ஏழு நிமிஷத்துக்கு நாங்க எல்லாரும் கேஸ் கணக்குப் போடணும். நீரோட்டம் வேற.” நியாயமான கணக்குதான். எனக்கான வாயுவை நானே சுமக்கிறேன், உங்கள் சிலிண்டரிலும் அதற்கு இடம் இருக்கிறது என்று எண்களைக் காட்டினேன். ஒத்துக்கொண்டார்கள், முகம் கோணியே.

மறுநாள் எனக்கு இரண்டாம் நாள். அதை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாதம் ஒரே நிமிடத்தில் முடிந்திருக்கும். அடுத்த பயணத்துக்கு என்னைக் கூப்பிட்டிருக்கவும் மாட்டார்கள்.

கப்பலைப் பற்றி நிறைய எழுத எனக்கு விருப்பமில்லை. அது சவக்குழி. பச்சை வெளிச்சம், துருவில் முளைத்த கரும்பவளம், ஒரு பீரங்கி, மீன் கூட்டம். இருபது நிமிடம் இரண்டு நிமிடம்போலப் போனது. எனக்கு நினைவிருப்பது ஏறும்போது 6 மீட்டரில் கயிற்றைப் பிடித்துத் தொங்கிய நேரம்தான். நீரோட்டத்தில் நாலு பேரும் கொடிபோலப் பறந்துகொண்டிருந்தோம். மற்ற இருவரின் திரை முதலில் பச்சையானது. ஒருவர் என்னைப் பார்த்துத் தன் மணிக்கட்டைத் தட்டினார். இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டார். என் திரையில் ஏழு, ஆறு, ஆறு, ஐந்து. கருவியின் ஒரு நிமிடம் அவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. மேலே படகின் அடிப்பாகம் தெரிந்தது. இப்படி ஒரு படகைப் பார்த்துக்கொண்டு, இரண்டு இழுப்புக்குக் காத்துக்கொண்டு அப்பா எத்தனை தரம் நின்றிருப்பார். நிற்கவில்லை என்பது பிறகு ஞாபகம் வந்தது.

மேலே வந்ததும் படகோட்டி ஐயா கேட்டார்: “ஏன் மகள், இவ்வளவு நேரம் அங்க என்ன செஞ்ச நீங்க?” சும்மா நின்றேன் என்றேன்.

ஊருக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா அந்தக் கருவியைக் கேட்டார். அதில் ஒரு வசதி உண்டு, இறங்காமலே ஆழமும் நேரமும் கொடுத்தால் எங்கெங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று போட்டுக் காட்டும். “உங்க வேலை ஒண்ணு சொல்லுங்கப்பா” என்றேன். வெளி நங்கூரத்தில் சங்கிலி தேடியதைச் சொன்னார். இருபது மீட்டர் இருக்கும். ஒரு தடவைக்கு ஒன்றேகால் மணி நேரம். சாப்பிட்டுவிட்டு மறுபடி ஒரு தடவை.

முதல் தடவையை மட்டும் போட்டேன். என் 70இல் நாற்பது நிமிடத்தைத் தொட்டது. 85க்கு மாற்றினாலும் அரை மணி நேரத்துக்கு அருகில். அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

“இது நிக்க வேண்டிய நேரமா?”

“ஆமாப்பா. மேல வர்றதுக்கு முன்னாடி.”

“ஒவ்வொரு தடவையுமா?”

“ரெண்டாவது தடவைக்கு இன்னும் அதிகம்.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சிரித்தார். “அவ்ளோ நேரம் சும்மா தொங்கிட்டிருந்தா எவன் கூலி குடுப்பான்?”

உள்ளேயிருந்து அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். கருவியை ஓரமாகத் தள்ளி வைத்தார். “சட்டையக் கழட்டு. ஆறிடப் போவுது” என்றார்.